மே மாசம் அமெரிக்கா: மயாமி, சான் டியேகோ, லாஸ் ஏஞ்சல்ஸ், பீனிக்ஸ். எதை வைக்க, எதை விட?

வைகைக்கரை (மதுரை):
வணக்கம். நானும் வீட்டம்மாவும் மட்டும் அமெரிக்கா சுத்திப் பார்க்க வரலாம்னு இருக்கோம். பொண்ணு கல்யாணம் முடிஞ்சாச்சு. இத்தனை வருஷ லீவும் காதுகுத்து, வளைகாப்புன்னே போயிடுச்சு. அங்க எங்களுக்குச் சொந்தக்காரங்க யாரும் கிடையாது, ஓட்டல்லதான் தங்கணும். விசா பத்து வருஷத்துக்குக் கிடைச்சாச்சு. டிக்கெட் இன்னும் போடல.

ஒரு டிராவல்ஸ்ல 'வெயில் நகரங்கள்'னு ஒரு பேக்கேஜ் காட்டினாங்க. மயாமி, பீனிக்ஸ், லாஸ் ஏஞ்சல்ஸ், சான் டியேகோ. கடற்கரை, பாலைவனம், ஹாலிவுட் எல்லாம் ஒரே மூச்சுல. வீட்டம்மா பள்ளிக்கூட டீச்சர், அதனால மே மாசத்தை விட்டா வேற வழியில்ல. ரெண்டு வாரத்துக்குக் கொஞ்சம் கூடுதலா இருப்போம். கார் வாடகைக்கு எடுத்து ஓட்டவும் எனக்கு ஆசை. இந்த நாலு ஊரும் சரியா வருமா?

பாலைப்பூ (பீனிக்ஸ்):
சார், நாலும் வெயில் ஊர்தான், டிராவல்ஸ்காரர் பொய் சொல்லல. மாசம்தான் இடிக்குது. எங்க ஊர்ல மே மாச சராசரி பகல் வெப்பமே 35 டிகிரி செல்சியஸ், ஜூன்ல 40. 2023-ல தொடர்ந்து 31 நாள் பகல் உச்ச வெப்பம் 110 டிகிரி பாரன்ஹீட்டுக்கு, அதாவது 43 செல்சியஸுக்குக் குறையவே இல்ல. கடும் வெப்ப எச்சரிக்கை வந்தா கேமல்பேக் மலைப்பாதையைப் பகல்ல மூடிடுவாங்க. மதுரை வெயில் பழகினவங்களுக்கு என்னன்னு நினைக்காதீங்க. இங்க வேர்வை வர்றதே தெரியாது, தோல்ல வந்த உடனே காஞ்சுடும். தாகம் எடுக்கிறதுக்குள்ள ஆளு சாஞ்சிடுவாரு. வெளியூர்க்காரங்க மாட்டிக்கிறது அதுலதான்.

இங்க சீசன்னா நவம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும். மார்ச்ல 15 பேஸ்பால் அணிகள் பயிற்சிக்கு வந்து இறங்குவாங்க, ஓட்டல் வாடகை எகிறும். மே பாதிக்கு மேல விலை சரியும். ஏன் சரியுதுன்னு யோசிச்சுக்கோங்க.

மே மாசத்துக்குன்னு ஒரு நல்ல விஷயம் இருக்கு. சகுவாரோ கள்ளி பூக்கிற நேரம் அது. சினிமாவுல கை தூக்கி நிக்குமே, அந்த உயரமான கள்ளிதான். சொனோரா பாலைவனத்தைத் தவிர வேற எங்கயும் தானா வளராது. முதல் கிளை விடவே 50, 70 வருஷம் ஆகும். அதோட உச்சந்தலையில வெள்ளைப் பூ கொத்தா வரும். ராத்திரி விரிஞ்சு மறுநாள் மத்தியானம் மூடிக்கும், அவ்வளவுதான் அதோட ஆயுசு. வௌவால், புறா, தேனீ எல்லாம் வரிசையா வரும். காலையிலேயே டெசர்ட் பொட்டானிகல் கார்டன் பக்கமோ, டூசான்ல இருக்கிற சகுவாரோ தேசியப் பூங்காவுக்கோ போனா பார்க்கலாம். பத்து மணிக்கு அறைக்குத் திரும்பிடணும். இதுக்காக மட்டும் ஒரு ஊரைச் சேர்க்கிறதுன்னா உங்க இஷ்டம்.

வடலி (ரொறன்ரோ):
அண்ணை, மயாமியை விட்டிடாதேங்கோ. நாங்கள் இங்கை பனிக்குள்ளை கிடந்து சாகிற ஆக்கள், புளோரிடாவின்ரை அருமை எங்களைக் கேட்டால்தான் தெரியும். மார்ச் பள்ளிக்கூட விடுமுறை வந்தால் ரொறன்ரோத் தமிழர் எத்தினை குடும்பம் புட்டும் சம்பலும் கட்டிக்கொண்டு காரிலையே கீழை இறங்குதுகள் தெரியுமோ? ஒரு நாள் முழுக்க ஓடவேணும், ரெண்டு பேர் மாறி மாறி ஓடினால் சரி.

வெயிலுக்கெண்டே பேர்போன ஊர் புளோரிடாவின்ரை மேற்குக் கரையிலை இருக்கிற செயின்ட் பீட்டர்ஸ்பர்க். 1967இலை தொடங்கித் தொடர்ந்து 768 நாள் வெயில் எறிச்சதெண்டு கின்னஸிலை இருக்கு. முந்தி அங்கை ஒரு பின்னேரப் பத்திரிகை, 'ஈவினிங் இண்டிபெண்டன்ட்', 1910இலை ஒரு அறிவிப்பு விட்டது: சூரியன் முகம் காட்டாத நாளிலை பேப்பர் காசில்லாமல். பத்திரிகை மூடுற வரைக்கும், எழுபத்தைஞ்சு வருசத்துக்கு மேலை, 300 தரம் கூட இலவசமாக் குடுக்கேல்லை.

மயாமியிலை இருந்து கீ வெஸ்ட் தீவுக்குப் போற பாதை ஒண்டுக்காகவே புளோரிடா வரலாம். 42 பாலம். அதிலை ஏழு மைல் பாலத்திலை ஏறினால் ரெண்டு பக்கமும் கடல்தான், பச்சையும் நீலமுமா நிறம் மாறிக்கொண்டே வரும். பக்கத்திலை பழைய ரயில் பாலம் துண்டு துண்டா நிக்கும். ஹென்றி பிளாக்லர் எண்ட பணக்காரன் 1912இலை கீ வெஸ்டுக்கு ரயில் விட்டவர். 1935 சூறாவளி அதை அடிச்சு முறிச்சது. திருப்பிக் கட்டேல்லை, ரோட்டுத்தான் போட்டவங்கள். தனுஷ்கோடியிலை 64இலை நடந்ததை எங்கடை அம்மம்மா சொல்லுவா, எனக்கு அந்த ஞாபகம்தான் வந்தது.

ரயில்சிநேகிதன் (லாஸ் ஏஞ்சல்ஸ்):
வடலி அண்ணா சொல்றது குளிர்காலத்துக்குப் பொருந்தும். மே 15-ஐத்தான் தெற்கு புளோரிடாவுல மழைக்காலத் தொடக்கம்னு கணக்கு வைக்கிறாங்க. ஜூன் 1-ல புயல் சீசன். தினம் மத்தியானம் இடி, மழை, அப்புறம் வெயில், அப்புறம் புழுக்கம். எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்துல அந்த நேரம் கொசுதான் உங்களைச் சுத்திப் பார்க்கும். முதலை பார்க்கணும்னா டிசம்பர்ல இருந்து ஏப்ரலுக்குள்ள போகணும். தண்ணி வத்தி, மிச்சக் குட்டைகள்ல எல்லாம் வந்து கூடும்.

அதை விடப் பெரிய பிரச்சனை தூரம். மயாமிக்கும் லாஸ் ஏஞ்சல்ஸுக்கும் நடுவுல விமானம் அஞ்சு மணி நேரத்துக்கு மேல, நேர வித்தியாசம் மூணு மணி நேரம். ஏற்கெனவே ஊர்ல இருந்து வந்த ஜெட் லேக் தீர்றதுக்குள்ள இன்னொரு தடவை கடிகாரத்தைத் திருப்பணுமா? ஒரு கரையை எடுங்க, ஒண்ணே ஒண்ணு.

கணக்குப்பிள்ளை (டாலஸ்):
நான் மே மாசம் மயாமி போயிட்டு வந்தவன். மழை வரும், ஒரு மணி நேரத்துல போயிடும். அதுக்காக ஊரையே தள்ளி வைக்கத் தேவையில்லை. மயாமி பீச்ல 1930-கள்ல கட்டின ஆர்ட் டெக்கோ பாணிக் கட்டடங்கள் எண்ணூறு வரைக்கும் இருக்கு. இடிக்கப் பார்த்தாங்க, ஊர்க்காரங்க போராடி 1979-ல பாரம்பரியப் பட்டியல்ல ஏத்தினாங்க. சாயங்காலம் ஓஷன் டிரைவ்ல நியான் விளக்கு எரியறப்ப நடந்து பாருங்க. கல்லே ஓச்சோ தெருவுல ஜன்னல் வழியா விக்கிற கியூபா காபி, சின்ன கப்பு, நல்ல சர்க்கரை, நம்ம ஆளுங்களுக்கு ஏத்த டிகாஷன். கடல் தண்ணியும் மே மாசம் 27 டிகிரி இருக்கும். கலிபோர்னியாவுல இறங்கினா பல்லு கிட்டும்.

ஆனா கார் எடுக்கிற சாருக்கு ஒரு எச்சரிக்கை. புளோரிடா டோல் ரோடு பலதுல காசு வாங்குற ஆளே கிடையாது, நம்பர் பிளேட்டைப் படம் பிடிச்சு பில் போடுவாங்க. வாடகை கார்னா அந்த பில் கம்பெனிக்குப் போகும். டோல் சில டாலர்தான், அதுக்கு மேல அவங்க தினசரி 'சேவைக் கட்டணம்'னு போட்டாங்க பாருங்க, ஊர் திரும்பி ஒரு மாசம் கழிச்சு கார்டுல எடுத்துக்கிட்டாங்க. கார் எடுக்கும்போதே டோல் எப்படின்னு கேட்டு எழுதி வாங்குங்க. பெட்ரோல் போடுற மெஷின் அஞ்சு இலக்க ஜிப் கோடு கேட்கும், நம்ம ஊர் கார்டுக்கு அது கிடையாது. உள்ள போய் கல்லாவுல முன்கூட்டியே பணம் கட்டிட்டு வந்து போடணும். பல பேர் பம்பு முன்னாடி நின்னு முழிக்கிறதைப் பார்த்திருக்கேன்.

ரயில்சிநேகிதன்:
கணக்கு, அவங்க நீச்சல் அடிக்க வர்றதா எங்கயாவது சொன்னாங்களா?

கணக்குப்பிள்ளை:
கடற்கரைன்னு எழுதியிருக்காரே. பக்கெட்ல மொண்டு குளிக்கவா வர்றாரு?

அலைவாய் (சான் டியேகோ):
சண்டை போடாதீங்க. எங்க ஊரைப் பத்தி ஒருத்தரும் உண்மையைச் சொல்லல, நானே சொல்லிடறேன். 'வருஷம் முழுக்க வெயில்'னு விளம்பரம் பண்ற சான் டியேகோவுல மேகம் அதிகம் இருக்கிற மாசமே மேயும் ஜூனும்தான். மே கிரே, ஜூன் க்ளூம்னு பேரே வெச்சிருக்கோம்.

பசிபிக்ல வடக்கே இருந்து ஒரு குளிர்ந்த நீரோட்டம் கரையை ஒட்டி இறங்குது. கடலை ஒட்டின காத்து அதனால குளிர்ந்து, ஈரத்தோட தாழவே கிடக்கும். மேல சூடான காத்து மூடி போட்டுடும். அந்த ஈரம் மேகமாகி ராத்திரி ஊருக்குள்ள நுழையும். காலையில எழுந்து பார்த்தா வானமே இருக்காது. பதினோரு மணி, பன்னிரண்டு மணிக்குத் தரை சூடாகி மெதுவா விலகும். கடலோரத்துல சில நாள் விலகவே விலகாது. அதே நேரம் உள்ளே பத்துப் பதினஞ்சு மைல் தள்ளிப் போனா பளீர்னு வெயில். பகல்ல 21 டிகிரிதான். கடல் தண்ணி 17, 18 இருக்கும், கணக்குப்பிள்ளை சொன்னது சரி, காலை நனைச்சுட்டு வந்துடலாம்.

போன வருஷம் சிகாகோவுல இருந்து வந்த தோழி ஜன்னல் கிட்ட நின்னுக்கிட்டு 'இதுக்கா இவ்ளோ செலவு பண்ணி வந்தேன்'னு அழாத குறை. அதனால வெயில் வேணும்னு வர்றவங்களை மே மாசம் நான் கூப்பிடறதில்லை. செப்டம்பர், அக்டோபர்தான் எங்களுக்கு நிஜமான கோடை.

வைகைக்கரை:
அடடா. அப்போ பீனிக்ஸ்ல கொளுத்துது, மயாமில ஊத்துது, சான் டியேகோல மூடிக்குது. மே மாசம்னா எங்கயுமே போக முடியாது போல. பேசாம வருஷக் கடைசிக்கு மாத்திடலாமா? டிசம்பர்ல டீச்சருக்குப் பத்து நாள்தான் லீவு, அது பயணத்துக்கே பத்தாது. ஹவாய் எப்படி?

ரயில்சிநேகிதன்:
ஹொனலுலு மே மாசம் அருமையா இருக்கும், மழை குறைவு. ஆனா லாஸ் ஏஞ்சல்ஸ்ல இருந்து இன்னும் அஞ்சரை, ஆறு மணி நேரம் பறக்கணும், ஓட்டலும் சாப்பாடும் விலை தலை சுத்தும். கவாயி தீவுல சைவ மடம் ஒண்ணு இருக்கு, இறைவன் கோயில். பெங்களூரு பக்கம் கருங்கல்லைக் கையாலேயே செதுக்கி, கப்பல்ல ஏத்திக் கொண்டு வந்து அடுக்கினது. 2023-ல கும்பாபிஷேகம் ஆச்சு. மடத்தைத் தொடங்கினவர் யாழ்ப்பாணம் யோகசுவாமிகளோட அமெரிக்கச் சீடர். வடலி அண்ணாவுக்குத் தெரிஞ்சிருக்கும்.

வடலி:
தெரியாமலோ. கொழும்புத்துறைச் சாமியார். எங்கடை ஐயா அவரைக் கண்டவர். ஆனால் இப்ப கதை அண்ணையின்ரை பயணம், அதை முடியுங்கோ.

வைகைக்கரை (இந்தப் பதிவை எழுதுறது அவர் இல்ல, அவர் மனைவி):
எல்லாருக்கும் வணக்கம். மூணு நாளா இவர் போனைப் பார்த்துப் பெருமூச்சு விடுறதைப் பார்த்துட்டு நானே எல்லாத்தையும் படிச்சேன். ஒண்ணு கேட்கிறேன், தப்பா நினைக்காதீங்க. மதுரையில மே மாசம் நாப்பது டிகிரியில காத்தாடி கீழ கிடக்கிறவ நான். லட்சக்கணக்குல செலவு பண்ணி வெயிலைப் பார்க்க அமெரிக்கா வரணுமா? வெயில் நகரம்னு பேர் வெச்சது சிகாகோக்காரங்களுக்கும் கனடாக்காரங்களுக்கும். எங்களுக்கு இல்ல.

அலைவாய் மேடம் எழுதினதைப் படிச்சதும் எனக்கு சந்தோஷமாயிடுச்சு. காலையில மேகம், பகல்ல 21 டிகிரி, பக்கத்துலயே கடல். இது கொடைக்கானலைக் கடற்கரையில கொண்டு வந்து வெச்ச மாதிரியில்ல இருக்கு! நீங்க அதைக் குறையாச் சொல்லியிருக்கீங்க, எனக்கு வேண்டியதே அதுதான். நான் சேலையோட மணல்ல நடப்பேன், தண்ணியில இறங்கமாட்டேன்.

இன்னொண்ணு, இவர் கார் ஓட்டக் கூடாது. சிம்மக்கல் ரவுண்டானாவுல ஓட்டுற மாதிரி அங்கயும் ஓட்டினா ஜெயில்ல போட்டுடுவாங்க. கார் இல்லாம சான் டியேகோவும் லாஸ் ஏஞ்சல்ஸும் மட்டும் பார்க்க முடியுமா? நான் சுத்த சைவம். முட்டை கூட கிடையாது.

பாலைப்பூ:
மேடம், பீனிக்ஸ் சார்பா வாபஸ் வாங்கிக்கிறேன். கள்ளிப்பூ அடுத்த தடவை.

அலைவாய்:
மேடம், நீங்க கேட்ட கோணத்துல இங்க யாருமே யோசிக்கல! தாராளமா வாங்க. காட்டன் சேலை மட்டும் போதாது, ஒரு ஸ்வெட்டர் கைப்பையிலயே இருக்கட்டும், சாயங்காலம் கடல் காத்து சில்லுனு இருக்கும். மேகம் இருக்குன்னு சன்ஸ்கிரீனை விட்டுடாதீங்க, மேகத்துக்குள்ள இருந்தே தோல் கருகும்.

சான் டியேகோவுல நகர மையத்துல தங்கினா கார் வேண்டவே வேண்டாம். ட்ராலின்னு சொல்ற சிவப்பு ரயில் இருக்கு, பஸ் இருக்கு. கரோனாடோ தீவுக்கு ஃபெரியில கால் மணி நேரம், அங்க 1888-ல மரத்தாலேயே கட்டின ஓட்டல் டெல் கரோனாடோ. தங்க வேண்டாம், பர்ஸ் தாங்காது. வராண்டாவுல நடந்துட்டு அப்படியே பின்பக்க மணல்ல இறங்கிடலாம். பல்போவா பூங்காவுக்கு ஒரு முழு நாள் கொடுங்க. 1915 பொருட்காட்சிக்காகக் கட்டின ஸ்பானிய பாணி மண்டபங்கள்ல பலது இப்ப அருங்காட்சியகம். ஞாயித்துக்கிழமை மத்தியானம் ரெண்டு மணிக்குத் திறந்த வெளியில பைப் ஆர்கன் கச்சேரி, இலவசம். நூறு வருஷத்துக்கு மேல நடக்குது. லா ஹோயாவுல கடல் சிங்கங்கள் பாறை மேல படுத்துக்கிட்டுக் கத்தும், ஒண்ணு மேல ஒண்ணு ஏறி இடத்துக்கு அடிச்சுக்கும். நாத்தம் மூக்கைத் துளைக்கும். சைவத்துக்கு முதல்லயே சொல்லிடறேன், மூக்கைப் பொத்திக்கணும்.

சாப்பாடு: இங்க மெக்சிகன் கடை மூலைக்கு மூலை. பீன்ஸ் புரிட்டோன்னு பார்த்துட்டு ஆர்டர் பண்ணிடாதீங்க, பல கடைகள்ல அந்த மசிச்ச பீன்ஸைப் பன்றிக் கொழுப்புல வதக்குவாங்க. 'லார்ட் இருக்கா'ன்னு கேளுங்க, சாதத்துல கோழித் தண்ணி சேர்த்திருக்கான்னும் கேளுங்க. அவங்க கோவிச்சுக்க மாட்டாங்க. மிராமர், மீரா மேசா பக்கம் இந்தியக் கடைகள் உண்டு, தோசை கிடைக்கும். அறையில சின்ன சமையல் மேடை இருக்கிற ஓட்டலாப் பார்த்தா ரசப்பொடியோட சமாளிக்கலாம்.

கணக்குப்பிள்ளை:
நான் தோத்துட்டேன், சரி. பணக் கணக்கு மட்டும் சொல்றேன். கடையில போட்டிருக்கிற விலை முழு விலை இல்ல, விற்பனை வரி பில்லுலதான் சேரும். உட்கார்ந்து சாப்பிடுற இடத்துல 18ல இருந்து 20 சதவீதம் டிப்ஸ். கவுண்டர்ல வாங்குற காபிக்கு திரையைத் திருப்பிக் காட்டி டிப்ஸ் கேட்பாங்க, வேண்டாம்னு அமுக்கலாம், யாரும் அடிக்க மாட்டாங்க. ஓட்டல் வாடகைக்கு மேல ஊர் வரி தனி. மருத்துவக் காப்பீடு இல்லாம மட்டும் விமானம் ஏறாதீங்க. இங்க ஒரு நாள் எமர்ஜென்சி போனா உங்க முழுப் பயணச் செலவும் அதுலயே போயிடும்.

ரயில்சிநேகிதன்:
மேடம், கார் இல்லாம லாஸ் ஏஞ்சல்ஸ் பார்க்க முடியாதுன்னு சொல்றவங்க மெட்ரோவுல ஏறாதவங்க. ஈ லைன் ரயில் நகர மையத்துல இருந்து சான்டா மோனிகா கடற்கரை வரைக்கும் போகுது. அங்க 1909-ல கட்டின பாலத்துறை, ரூட் 66ங்கிற பழைய நெடுஞ்சாலை முடியுற இடம்னு பலகை. கிரிஃபித் வானாய்வுக்கூடத்துக்கு பஸ் உண்டு, அனுமதி இலவசம். இருட்டினதும் பெரிய தொலைநோக்கியில வரிசையில நின்னு பார்க்கலாம், அதுவும் இலவசம். திங்கள்கிழமை லீவு. கெட்டி சென்டர் கலைக்கூடமும் திங்கள் லீவு, அதுக்கும் டிக்கெட் கிடையாது, நேரத்தை மட்டும் முன்பதிவு செய்யணும். வான் கோவோட ஐரிஸ் மலர்கள் அங்கதான் இருக்கு. ரயில்ல ராத்திரி ரொம்ப நேரம் ஆகாம திரும்பிடுங்க, சில ஸ்டேஷன் அவ்வளவு நல்லா இருக்காது. அப்படி நேரமாயிட்டா ஊபர். கலபாசஸ் வெங்கடேஸ்வரர் கோயிலுக்கும் ஊபர்தான், பஸ் ஒத்துவராது. திரும்பி வரும்போது மலைக்குள்ள வண்டி கிடைக்கத் தாமதமாகும், போன வண்டிக்காரரையே காத்திருக்கக் கேளுங்க. சனி, ஞாயிறுல கோயில் கேன்டீன்ல புளியோதரை கிடைச்சா எனக்கும் ஒரு பொட்டலம்.

ரெண்டு ஊருக்கும் நடுவுல பசிபிக் சர்ஃப்லைனர் ரயில், கிட்டத்தட்ட மூணு மணி நேரம். டெல் மார்ல இருந்து சான் கிளமென்டி தாண்டுற வரைக்கும் பல இடத்துல தண்டவாளத்துக்கும் அலைக்கும் நடுவுல கொஞ்சம் கல்லும் மணலும்தான். அலைச்சறுக்குக்காரங்க பலகையைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு ரயில் போகட்டும்னு நிக்கிறது ஜன்னல்ல தெரியும். மண் சரிவால சில சமயம் அந்தப் பாதையை மூடி பஸ்ல ஏத்திடுவாங்க, கிளம்புற வாரம் ஒரு தடவை பார்த்துக்கோங்க.

வைகைக்கரை:
வீட்டுல தீர்ப்பு ஆயிடுச்சு. சான் டியேகோ, லாஸ் ஏஞ்சல்ஸ், ரெண்டே ஊர். சிங்கப்பூர் வழியா டிக்கெட் பார்க்கிறோம். கார் ஆசையை மட்டும் விட முடியல, ஒரே ஒரு நாள் எடுத்துக்கிறேன்னு கேட்டுப் பார்த்தேன், பதில் வரல.

முதல்ல எந்த ஊர்ல தங்கணும்? அப்புறம் அந்த ரயில்ல எந்தப் பக்கம் உட்காரணும்னு அவங்க கேட்கச் சொன்னாங்க.

ரயில்சிநேகிதன்:
லாஸ் ஏஞ்சல்ஸ்ல இறங்கி அன்னிக்கே ரயில் பிடிக்காதீங்க, ஒரு ராத்திரி தூங்கிட்டு மறுநாள் சான் டியேகோ போங்க. அங்க நிதானமா இருந்துட்டு, திரும்பி வந்து லாஸ் ஏஞ்சல்ஸ் பார்த்துட்டு விமானம் ஏறலாம். தெற்கே போகும்போது வலது பக்கம், வடக்கே வரும்போது இடது பக்கம். சாதா வகுப்புல இட எண் கிடையாது, பெட்டி கதவு திறந்ததும் மாடி ஏறிடுங்க. ஜன்னல் சீட்டு மேடத்துக்கு.